அப்பாவின் மிடறு

வறுத்த அரிசிமா கொதிநீரில் கரையும் மணம் எங்கிருந்து வந்தாலும், உப்புவெளிக் கடற்கரையில் நாங்கள் இருந்த வீட்டுக் குசினியும், அங்கே கதிரையில் நிமிர்த்தி இருத்தப்பட்ட அப்பாவும் என் முன்னே வந்துவிடுகிறார்கள்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய அப்பா, நான் சிறுமியாக இருந்தபோது பாரிசவாதம் வந்து விழுந்தார். சாப்பாட்டு நேரத்தில் கப்பல்காரர் கதைகளைச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தவருக்கு, அதன்பின் ஒரு வாய்த் தேத்தண்ணீர்கூடப் புரையேறிப் “பிரக்கடித்தது”. முகம் சிவந்து, கண்ணீர் வழிய இருமுவார். அம்மாவோ அவர் உச்சியில் தட்டி, “மூத்தவன் நினைக்கிறான்” என்பார். சண்டைக்குப் பயந்து வள்ளத்தில் இந்தியாவுக்கு அனுப்பிய அண்ணனைப் பற்றி ஒரு சேதியும் வராத காலம் அது. யாராவது நினைத்தால் பிரக்கடிக்கும் என்ற பழஞ்சொல்லைத்தான் அம்மா பற்றிக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் கண்டு அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கவே, சோதனைச்சாவடிகளைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் டொக்டர் என் கையை எடுத்து என் கழுத்திலேயே வைத்தார்.

“எச்சிலை விழுங்கிப் பாரும் பிள்ளை. குரல்வளை மேல எழும்புதெல்லோ? அந்த நேரம் மூச்சு நிண்டு, உள்ளுக்க ஒரு மூடி சாஞ்சு, மூச்சுப் போற வழி அடைபடும். அப்பாவுக்கு அது பிந்துது. தண்ணி முந்திக்கொண்டு நெஞ்சுக்குள்ள போயிடுது.”

“அப்ப மகன் நினைக்கிறதில்லையோ?” என்றார் அம்மா.

“நினைப்பார் அம்மா. ஆனா இதை இப்பிடியே விட்டா ஆளைக் காப்பாத்த ஏலாது. தண்ணியாக் குடுக்காம, மாவைக் கட்டியாக் கரைச்சுக் குடுங்கோ. தலையைக் குனிச்சு, நாடியை நெஞ்சோட சேர்த்து விழுங்கட்டும். வாயில சாப்பாடு இருக்கேக்க கதை வேண்டாம்.”

காய்ச்சல் விட்டு வீடு வந்தபின், அம்மா சின்னக் கரண்டியால் கூழ் ஊட்டினார். ஒவ்வொரு மிடறுக்கும் அப்பாவின் குரல்வளை ஏறி இறங்குவதை நான் மூச்சடக்கிப் பார்த்திருப்பேன். ஒரு மத்தியானம், ஒருமுறைகூட இருமாமல் கிண்ணம் முழுவதையும் முடித்தார். நான் கைதட்டினேன். அம்மாவோ கரண்டியை வைத்துவிட்டு அழுதார்.

“இனி அவன் நினைக்கிறதை நான் எப்பிடியப்பா அறியிறது?”

அப்பா கடைசி மிடறை இறக்கி, நாடியை உயர்த்தி, கோணிய வாயால் மெல்லச் சொன்னார்: “நான் உயிரோட இருந்தாத்தானே, அவன் வந்தாப் பாக்கலாம்.”

சமாதான காலத்தில் அண்ணன் வந்தார். அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டார்கள். கை கழுவியபின் பொழுதுபடும்வரை கதைத்தார்கள்.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வீடிருந்த இடத்தில் ஒரு விடுதி நிற்கிறது. கடற்கரையில் மேசை போட்டு, வாய் நிறையச் சோற்றோடு பயணிகள் கதைத்துச் சிரிக்கிறார்கள். அவ்வழியே போகும்போதெல்லாம் நான் சற்று நின்று, அவர்கள் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.