பத்து நகத்தில் ஒரு வளவு

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் உடுப்பிட்டி வீட்டு விறாந்தையில் இருந்து மகள் நகத்தில் படம் கீறிக்கொண்டிருந்தாள். சோதனைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை. போனைச் செம்பில் சாய்த்து வைத்து, அதில் யாரோ ஒருத்தி செய்வதைப் பார்த்துப் பார்த்து, கொண்டை ஊசி நுனியால் பச்சைக் கியூட்டெக்ஸைத் தொட்டு வேப்பிலை போட்டாள். (எந்தக் கொம்பனி செய்தாலும் எங்கள் வீட்டில் நகப்பூச்சுக்குப் பெயர் கியூட்டெக்ஸ்தான்.) நடுவிரலில் செவ்வரத்தம்பூ, பெருவிரலில் ஒரு மீன்கொத்தி. ஏசுவதற்கென்று வந்த நான், வடிவாக இருக்கிறதே என்று தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்திலேயே குந்திவிட்டேன்.

மோதிரவிரல் இலை கோணிப்போயிற்று. "சீ, இது சரிவரேல்லை" என்று பஞ்சில் ரிமூவரை ஊற்றினாள். அந்த மணம் மூக்கில் ஏறியது மட்டும்தான் எனக்குத் தெரியும். "அழிக்காதை!" என்று நான் போட்ட சத்தத்தில் படியில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடிவிட்டது. பார்த்தால் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். தேத்தண்ணி முழுவதும் பாயில்.

"என்னம்மா நடந்தது உங்களுக்கு? நகம்தானே!"

நகம்தான். அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ரிமூவரின் மணம் வேறு, மண்ணெண்ணெயின் மணம் வேறு என்பது எனக்குத் தெரியும். என் மூக்குக்குத்தான் தெரியாது. சண்டையில் மண்ணெண்ணெய் கண்ணால் காணக் கிடைக்காத காலம் ஒன்று இருந்ததே, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து நாலு துளி விட்டு அந்த விளக்கில் படித்த காலம், அப்போது நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மாணவ முதல்வி. அதற்குத் தந்த பட்ஜை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் குத்திக்கொண்டு போனவள். ஆண்டவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. திங்கள் காலையில் ஜெபம் முடிந்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் நகம் பார்ப்பது என் பொறுப்பு. அழுக்கு நகத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பேன். அதில் எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் வாசுகி என் முன்னால் கையை நீட்டினாள். எட்டாம் வகுப்பு. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, புத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்த குடும்பம். தகப்பன் லொறிகளுக்கும் கடைகளுக்கும் பெயர் எழுதுகிறவர். அவருடைய டின்களின் அடியில் ஒட்டியிருந்த எனாமல் பெயின்றை ஈர்க்கு நுனியால் தொட்டுப் பத்து நகத்திலும் மரம் செடி கீறியிருந்தாள். ஒரு நெல்லின் அகலத்துக்குள் ஒரு மாமரம், அதில் காயும் தொங்கியது.

"இதென்ன கோலம்? மற்றக் கையையும் நீட்டும்."

"எங்கடை வீட்டு வளவு அக்கா. படலையிலயிருந்து பின்வேலி மட்டும் வரிசையா. அப்பாட்டைக் கேட்டுக் கேட்டுக் கீறினனான். இது படலையடி நந்தியாவட்டை, இது தேசி, இது மாதுளை..."

மூன்று விரலுக்கு மேல் நான் சொல்ல விடவில்லை. "வளவை வீட்டிலை வைச்சிட்டு வாரும்" என்றேன். பக்கத்தில் நின்ற மற்ற மாணவ முதல்விகள் சிரித்தார்கள். நல்லதொரு பகிடி விட்டதாக அன்று முழுக்க எனக்குப் பெருமையும் புழுகமும். வீடே இல்லாத பிள்ளையிடம் அதைச் சொன்னேன் என்பது எத்தனையோ வருசம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எனாமல் சவர்க்காரத்துக்குப் போகாது. ஆய்வுகூடத்தில் கேட்டு ஒரு மூடியளவு மண்ணெண்ணெய் எடுப்பித்தேன். வீட்டில் துளித் துளியாக எண்ணி விடுகிற சாமானை அன்று தாராளமாகப் பஞ்சில் நனைத்தேன். ஒன்பது விரலையும் பிள்ளை ஒவ்வொன்றாக நீட்டித் தந்தாள். வலது மோதிரவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.

"இது மட்டும் இருக்கட்டும் அக்கா."

இழுத்து விரித்துத் துடைத்தேன். துடைக்கும்போது என் கண் அந்த நகத்தில் இல்லை. படியில் நின்ற ரீச்சர் என் கண்டிப்பைக் கவனிக்கிறாவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளும் எங்கோ, நானும் எங்கோ. இந்த வருசம் எங்கள் வேதக்கோயில் அறுப்புப் பண்டிகைக்குத்தான் மறுபடி கண்டேன். காய்கறி, வாழைக்குலை, மரக்கன்று எல்லாம் ஏலம் போகிற நாள், ஊரில் சைவ ஆட்களும் வந்து வாங்குவார்கள். தலை பாதி நரைத்த ஒருத்தி கன்றுகளுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னைத் தெரியுதோ அக்கா? மண்ணெண்ணெய்!"

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவளுக்கோ ஒரு கோபமும் இல்லை. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியை இப்போது விட்டுவிட்டார்களாம். "போய்ப் பார்த்தா வளவெண்டு சொல்ல ஒண்டுமில்லை. கிணறும் மூடிக்கிடக்கு, ஒரு மரம் இல்லை. நான் அந்த நகத்தின்ரை படியே மரங்களைத் திருப்பி வைக்கிறன்" என்று இடது சின்னிவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். நந்தியாவட்டை, தேசி, மாதுளை, செவ்வரத்தை, கறுத்தக்கொழும்பான் மா, கிணற்றடி வாழை, கமுகு, முருங்கை. பிறகு மோதிரவிரலைத் தாண்டிச் சின்னிவிரலில் பனை என்றாள். திரும்ப மோதிரவிரலுக்கு வந்து நின்றாள்.

"இது மட்டும் வருகுதேயில்லை அக்கா. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை, கேக்க ஆருமில்லை. நீங்கள்தானே பாத்து அழிச்சனீங்கள். என்ன மரம் அது?"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எங்களுக்கு முன்னால் ஏலக்காரர் ஒரு கூடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் என்ன இருந்ததோ அதையே என் வாய் சொன்னது.

"கொய்யா."

வாசுகி கண்ணை மூடினாள். இல்லை என்று சொல்லடி பிள்ளை, இல்லை என்று சொல் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓம்! ஓம் அக்கா, கொய்யாதான்! தம்பி ஏறி விழுந்து கையை முறிச்சதெல்லோ. அதிலைதான்!"

அவள் கண்ணைத் துடைத்தாள், அந்த ஏலத்திலேயே ஒரு கொய்யாக் கன்று வாங்கினாள், மூன்று தரம் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது போனில் படம் அனுப்புகிறாள். கொய்யா துளிர் விட்டுவிட்டது. ஒவ்வொரு படத்தோடும் புதிதாக ஒரு நினைவும் வருகிறது. வயிற்றுக்குத்துக்கு அம்மா அதன் இலையை அவித்துத் தருவாவாம். கிளிகள் வந்து கொத்துமாம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுப்பேன். எடுத்த கையோடு வைத்துவிடுவேன். தம்பி விழுந்த மரம் எதுவோ, அதிலிருந்து அந்தப் பொடியனையும் நான் இறக்கிக் கொண்டுவந்து கொய்யாவில் ஏற்றிவிட்டேன்.

மகள் இன்னும் பஞ்சும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்தக் கோணல் இலையை என்ன செய்யிறது?"

"அப்பிடியே இருக்கட்டும்."

"என்ன மரமெண்டு ஆரும் கேட்டா?"

"தெரியாதெண்டு சொல்லு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது. அன்றைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், வாசுகியின் வளவில் முருங்கைக்கும் பனைக்கும் நடுவில் ஓர் இடமாவது அந்த மரத்துக்கென்று வெறுமையாகக் கிடந்திருக்கும். அதுவும் இப்போது இல்லை. அங்கே கொய்யா நிற்கிறது.