கலாவுக்குப் போட்ட இரும்பு ஊசி

போன வருடக் கடைசியில் என் தங்கை கலாவோடு ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். சித்தியவானிலிருந்து வந்திருந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நகமெல்லாம் வெளுத்திருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை. மாத்திரையோ வயிற்றைப் புரட்டியது... கடைசியில் ஊசிதான் என்றார் டாக்டர்.

தாதி கொண்டுவந்த மருந்து கோப்பி நிறத்தில் இருந்தது. பெயரைப் பார்த்ததும் கலாவின் கணவர் முருகேசு எழுந்துவிட்டார். பன்றிப் பண்ணையில் வேலை செய்பவர்.

"அக்கா, நாங்க பன்னிக்குட்டிக்குப் போடுறது இதுதான்லா. வேணாம், வீட்டுக்குப் போலாம்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது. ஒருவகைச் சர்க்கரையோடு இரும்பைப் பிணைத்த அதே கூட்டுப்பொருள்தான், ஆனால் மனிதருக்கான தயாரிப்பும் அளவும் வேறு என்றார். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு இதை அளவுக்கு மீறிச் செலுத்தி, மிஞ்சும் இரும்பு ஈரலை என்ன செய்கிறது என்று பார்ப்பார்களாம். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும் — அதனால்தான் முதலில் கொஞ்சமாகச் செலுத்திப் பார்க்கிறோம் என்றார்.

அந்தச் சிலரில் ஒருத்தி கலா.

மருந்து ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். உதடு தடித்தது. தாதி மருந்தை நிறுத்தினார். ஒவ்வாமையை முறிக்கத் தயாராக வைத்திருந்த ஊசியை டாக்டர் போட்டார். மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

'நான் சொன்னேனே' என்று முருகேசு சொல்லியிருக்கலாம். ஆனால் சுவரோரம் நின்று அழுதார்.

சில வாரம் கழித்து, வேறு வகை இரும்பு மருந்து இருக்கிறது, சொட்டுச் சொட்டாக, பக்கத்திலிருந்து கவனித்தபடியே ஏற்றலாம் என்றார் டாக்டர். நீங்களாக இருந்தால் போவீர்களா? நான் போயிருக்க மாட்டேன். முருகேசுவும் கூடாது என்றார்.

கலாதான் நிதானமாகச் சொன்னாள். "புள்ளையத் தூக்குனா கண்ண இருட்டுதுங்க. பயந்துகிட்டு எத்தன நாளு படுத்துக் கெடக்குறது? நான் போறேன். நீங்க கூட வாங்க."

போனாள். மருந்து ஏறி முடியும்வரை முருகேசு அவள் கையை விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அடுத்தடுத்த முறைகளும் அப்படியே.

போன ஞாயிற்றுக்கிழமை லூமுட் படகுத்துறையில் அவர்களைப் பார்த்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கலா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முருகேசு என் காதோரம் சொன்னார்:

"நல்லவேளக்கா, என் பேச்ச அவ கேக்கல."

இப்படி ஒத்துக்கொள்ளும் கணவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?