நான் மொழிபெயர்த்த ரௌடிப் படம்

லைப்சிக்கில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த புதிதில், எங்கள் விடுதிக் கூடத்தில் ஞாயிறு மதியம் பழைய படம் போடுவார்கள். அன்றைக்கு ஒரு அமெரிக்க ரௌடிப் படம். சினிமா பேச ஆரம்பித்த காலத்தில் எடுத்தது. அக்கம்பக்கத்து முதியவர்களே அதிகம் வந்திருந்தார்கள். படம் ஓடத் தொடங்கிய பிறகுதான், ஜெர்மன் சப்டைட்டில் இல்லை என்பது தெரிந்தது.

“எனக்கு இங்கிலீஷ் தெரியும்” என்று கையைத் தூக்கினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். ஆனால் என் ஜெர்மன் ரொட்டிக் கடையைத் தாண்டாது. ஆகவே பக்கத்திலிருந்த தோழியையும் இழுத்துவிட்டேன். அவள் ஜெர்மனியிலேயே, கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்; இங்கிலீஷ் அரைகுறை. நான் தமிழில் கிசுகிசுக்க, அவள் மைக்கில் ஜெர்மனில் சொல்வதாக ஏற்பாடு.

ஐந்தே நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன். தொப்பிக்காரர்கள் மூக்கால் படபடவென்று பேசினார்கள். பாதி கொச்சை, மீதி இரைச்சல். ஒருவன் துப்பாக்கியை நீட்டியபடி ஏதோ சொன்னான்.

“என்ன சொல்லுறான் அண்ணை? சனம் பாத்துக்கொண்டிருக்குது.”

“அம்மா கையால சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுங்கறான்.”

“துவக்கை நீட்டிக்கொண்டோ?”

“பசி. சொல்லு!”

சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள். முன்வரிசையில் ஒரு பாட்டி உச்சுக்கொட்டினார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ரௌடிக்கு மூட்டுவலிக்காரத் தாயைக் கொடுத்தேன். ஜிகினா உடையில் வந்தவளைத் தங்கையாக்கினேன். அடுத்த காட்சியில் அவன் அந்தத் தங்கையை இழுத்து உதட்டில் முத்தமிட்டான்.

கூடம் உறைந்துபோனது.

“ஐயோ அண்ணை, இதுக்குமேல என்னால ஏலாது!”

“கூடப்பிறந்தவ இல்ல, பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு. சீக்கிரம்!”

சொன்னாள். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். கடைசியில் அவன் குண்டடிபட்டு யாரையோ திட்டியபடி செத்தான். அது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. இருந்தும், தாயிடம் மன்னிப்புக் கேட்பதாக மாற்றினேன். இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

விளக்கு போட்டதும் அந்த முன்வரிசைப் பாட்டி எங்களிடம் வந்தார். நீதிமன்றத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். தோழி அதை எனக்குத் தமிழில் சொன்னபோதே அவள் காது சிவந்திருந்தது.

“ஒரு நாளாவது இப்படிச் செய்துபார்க்க வேண்டுமென்று ஆசை இருந்தது” என்றார் அவர். “துணிச்சல்தான் வரவில்லை.” எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் நீங்களே செய்யுங்கள் என்றார் விடுதிப் பொறுப்பாளர். நான் வாய் திறக்கும் முன் தோழி சம்மதித்துவிட்டாள்.

“இந்தத் தடவை படத்த முன்னாடியே பாத்துடலாமா?” என்றேன்.

“வேண்டாம் அண்ணை. பாத்திட்டமெண்டா பிறகு பொய் சொல்ல ஏலாது.”