மரியதாஸ் அண்ணன் ஏன் பேசாமல் இருந்தார்

மதியச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. பள்ளிக் காவலாளி என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், கப்பல்கார மரியதாஸ் பூட்டாரு. ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு எடுத்தாந்துட்டாங்க" என்றார். பிள்ளைகள் எல்லோரும் வெளியே போனபிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

சாவு வீட்டில் பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள், தேவைக்கு மேல் விலகி. அண்ணனின் மனைவி ரீட்டா அக்கா மட்டும் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நம் தெருக்காரர்களான உங்களில் பலர் வியந்தீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

என் கணவர் சூசையும் மரியதாஸ் அண்ணனும் சிநேகிதர்கள். இருவருக்கும் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல்கள்தான் வேறு வேறு. ஹாங்காங் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தபோது என் கணவர் கடலில் தவறி விழுந்துவிட்டதாகவும், உடல் அகப்படவில்லை என்றும் ஏஜெண்டு ஆபீசிலிருந்து வந்து சொன்னார்கள். சவப்பெட்டியில்லாமல் பூசை வைத்தோம். நான் வெள்ளைப் புடவைக்கு மாறினேன், பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாமியார் அன்னம்மாள் என்னோடுதான் இருந்தார். அது அறுபதுகளின் நடுவில்.

சில வருடம் கழித்து அண்ணனின் கப்பலும் ஹாங்காங் போனது. வாரக்கணக்கில் ரொட்டி தின்று அலுத்தவரிடம், சரிவான சந்து ஒன்றில் நேபாளி ஓட்டல் இருக்கிறது, நம் ஊர் போலவே சோறும் பருப்பும் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கூர்க்கா ஒருவர் நடத்திய கடை. நாலே மேசை. பித்தளைத் தட்டில் சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக்கீரை, எள் அரைத்துப்போட்ட முள்ளங்கி ஊறுகாய். தட்டைக் கொண்டுவந்து வைத்தவர் என் கணவர்.

அவர் அண்ணனை நேராகப் பார்த்து, இன்னும் என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டிருக்கிறார். அண்ணனுக்குக் கை சோற்றில் இறங்கவில்லை. பிறகு மெல்லத் தமிழில், என் பெயரைச் சொல்லி, "ஸ்டெல்லா வெள்ள கட்டிக்கினு கீதுடா" என்று சொல்லியிருக்கிறார்.

"ஆளு தெரியாம பேசிக்கினு கீற அண்ணே. நான் அவன் இல்ல" என்றாராம் அவர்.

இதை அண்ணன் என்னிடம் சொன்ன அன்று அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. "உன்கிட்ட சொல்லாம இருந்தா எனக்கு சோறு எறங்காது தங்கச்சி. அந்தக் கெயவிக்கு மட்டும் வாணாம். புள்ள கடல்ல பூட்டான்னு அழுது அழுது இப்பத்தான் ஆறிக்கீது. வோணும்னே வுட்டுட்டுப் போனான்னு தெரிஞ்சா தாங்காது" என்றார். அவர் வேறு ஏதாவது கேட்டாரா என்றேன். இல்லை என்று தலையசைத்தார்.

அடுத்த முறை அண்ணன் அதே கடைக்குப் போனார். கடைக்கார கூர்க்கா, நீ வந்துபோன அன்று மாலையே அவனும் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றார். அதன்பின் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அண்ணன் சாப்பாட்டுக் கடைகளின் சமையற்கட்டை எட்டிப் பார்ப்பது வழக்கமானது. ஊருக்கு வந்ததும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். என்னைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார்.

அந்த வருடங்களில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்வது கடினம். செத்தவர்கள் கனவில் வருவதோடு சரி. உயிரோடு இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். கல்லறைத் திருநாளில் அத்தை அவர் பெயரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுவார். பக்கத்தில் நின்று நானும் ஏற்றுவேன், யாருக்கு ஏற்றுகிறேன் என்று தெரியாமல்.

எண்ணூரிலிருந்து நல்ல வரன் ஒன்று வந்தது. மறுத்தேன். காரணம் சொல்ல முடியவில்லை. காரணத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொண்டீர்கள்: கப்பலை விட்டு இறங்கியதும் மரியதாஸ் முதலில் யார் வீட்டு வாசலுக்குப் போகிறார் என்று. பேச்சு ரீட்டா அக்காவின் காதுக்கும் போய், அவர் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நான் பயந்துபோய், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். "பேசறவங்க பேசட்டும். கெயவி நிம்மதியா கண்ண மூடட்டும்" என்றார் அண்ணன். அக்காவிடம் மட்டும் போய்ச் சொல்லி அழைத்துவந்தார். தெருவிடம் கடைசிவரை சொல்லவில்லை. கப்பல்காரர் சங்க ஆபீசில் முகத்துக்கு நேரே ஒருவர் கேலி செய்தபோது, டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். அத்தை இறந்தது போன மழைக்காலத்தில்தான். அதற்குள் அண்ணனுக்கு நெஞ்சுவலி கண்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, அக்காவை வெளியே போகச் சொல்லாமலே பேசினார். "தங்கச்சி, அன்னிக்கி ஒண்ணு மறைச்சிட்டேன். அந்த ஓட்டல்ல சாப்ட்டு எந்திரிச்சி வாசலுக்கு வந்தேன். பின்னாலயே வந்தான். 'அம்மா கீதா?'ன்னான். கீதுன்னேன். அவ்ளோதான், உள்ள பூட்டான். உன்ன அவன் கேக்கல. அத எப்டி உன்கிட்ட சொல்றது?"

நான் அழுவேன் என்று அக்கா என் தோளைப் பிடித்தார். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கப்பல் ஊதியதைக் கேட்டுக்கொண்டே முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன்.

அண்ணனைக் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு நீங்கள் எல்லோரும் கிளம்பினீர்கள். நான் அத்தையின் கல்லறைக்குப் போனேன். இத்தனை வருடம் அண்ணன் எங்கள் இருவருக்கும் வலிக்கக்கூடாது என்று தன்னோடு வைத்திருந்த அந்த ஒரு கேள்விதான் என் கணவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. அது எனக்கு உரியதல்ல. குனிந்து, மண்ணுக்கு அருகில் வாய் வைத்துச் சொன்னேன்: "அத்த, அவரு உங்களக் கேட்டாரு."