வேம்பு தோற்ற அத்தியாயம்

வேம்பு தோற்கக் கூடாது என்று எடிட்டர் சொன்ன அன்று நான் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். வேம்பு நான் வரைந்த சிலம்பக்காரி. விழுப்புரத்தில் எங்கள் ஸ்டூடியோ, செல்போனில் படிக்கிற சண்டைக் காமிக்ஸ்களை ஜப்பான் மாங்கா பாணியில் போட்டது. என் தொடருக்குக் கதை, வசனம், படம் மூன்றும் நான். படிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

"இந்த ஃபைனல் சண்ட எடுபடலேன்னா தொடரை நிறுத்திடுவாங்க சேகர். பொண்ணு ஜெயிக்கட்டும், ஜனங்க கைதட்டட்டும்" என்றார் எடிட்டர்.

நிறுத்தினால் திண்டிவனத்தில் பழையபடி காதுகுத்து பேனர் டிசைன் செய்யப் போக வேண்டியதுதான்.

வரைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. கம்பு சுழலும் வேகக் கோடுகள், ஸ்கிரீன் நிறைய ஒரே அடி, எதிராளி ராணி மண்ணில்.

படத்தில் பேச்சுப் பலூனுக்குள் வசனம் பொருத்துகிறவள் ஸ்டெல்லா. அனந்தபுரத்துக்காரி, என் வயசு, வாய் கொஞ்சம் நீளம். அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்தபடி ஃபைலைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்பா, அடி விழுற வரைக்கும் எல்லாம் கத்திக்கினு இருக்குதுங்க. ஜெயிச்சதுக்கு அப்புறம் ஒரு பலூனு கூட இல்லியே?"

"அதான் ஜெயிச்சிட்டாளே. இனிமே என்னா பேசறது?"

"அப்ப தோத்தா என்னா பேசுவா?"

எரிச்சலாக வந்தது. அவள் வாயை அடைக்கத்தான் பேப்பரில் கிறுக்கிப் பார்த்தேன். வேம்பு விழுகிறாள். ராணி குனிந்து கேட்கிறாள்: "உன் சண்ட எல்லாத்தையும் பார்த்துக்கினேதான் கத்துக்கினேன். நீ ஒரு தபா என்னப் பார்த்தியா?"

எழுதிய பிறகுதான் உறைத்தது. நானும் அவளைப் பார்த்ததில்லை. ராணிக்கு ஓர் ஊர்கூட வைக்கவில்லை. உடனே அவளைத் திருவெண்ணெய்நல்லூர்க் கரும்பு வெட்டுகிறவர் மகளாக்கினேன். பேச்சு தானாக வந்தது.

புது முடிவைக் காட்டியபோது எடிட்டர் முகம் கொடுக்கவே இல்லை. எனக்காக ஸ்டெல்லாதான் வாதாடினாள். "ஜெயிச்சா கதை முடிஞ்சிபோச்சு சார். போட்டுத்தான் பாருங்களேன்."

"ஊத்திக்கிச்சுன்னா ரெண்டு பேரும் என் கண்ணுல படாதீங்க" என்றார்.

வெளியான மறுநாள் கூப்பிட்டார். "உன்னைக் கழுவிக் கழுவி ஊத்தறாங்க." திண்டிவனம் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். "கூடவே ராணி யாரு, அவ கதை எப்ப வரும்னு கேக்கறாங்க. நிறுத்தறதா இல்ல. ஜல்தி வரைஞ்சு குடு."

புதிதாகச் சண்டைக் கதை வரைய வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அடுத்த கட்டத்தில் யாருக்குப் பேச விஷயம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். யார் ஜெயிப்பது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். ஸ்டெல்லா அன்று கேட்டதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

பின்னொரு அத்தியாயத்தில் வேம்பு ராணியை ஜெயித்தாள். அன்று இரண்டு பெண்களும் பேசிய பேச்சுக்குப் பலூன் வைக்க இடம் போதவில்லை. ஸ்டெல்லா என்னைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.