குழியோரத்துத் தெலுங்கு

முந்தாநாள் பல் பிடுங்கப் போயிருந்தேன். அங்கே ஓர் அம்மாள் பினாயில் தண்ணீர் விட்டுத் தரையைத் துடைத்தாள். எல்லோரும் காலை மட்டும் தூக்கிக்கொண்டோம். எனக்குக் குமட்டியது. கூடவே ‘ஈகலு’ என்று ஒரு சொல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. தெலுங்கில் ஈக்கள். அந்த அறையில் ஓர் ஈகூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், என் இருபத்திரண்டாம் வயதில், திருத்தணியில் சுகாதார மேஸ்திரியாக இருந்தேன். பெயர் கௌரவமாக இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். கிருத்திகைக்கு வந்து குவியும் ஜனம் மலஜலம் கழிக்கக் குழி வெட்ட வைப்பதும், பிறகு அதை மூட வைப்பதும்தான் உத்தியோகம். சாப்பிட உட்கார்ந்தாலும் சோற்றில் அந்த வாடை அடிக்கும். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. தெலுங்குப் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரம். ஊரில் அப்பா படுத்த படுக்கை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

என் அறையில் கூட இருந்தவர் மணவூர்க்காரர், ஒரு குமாஸ்தா. அவருக்கும் அதே பரீட்சை. பாடத்தைப் பத்துத் தடவை கத்துவார். பதினோராவது தடவை புத்தகம் மூடியிருக்கும். “இன்னாபா, எழுத்தப் பாத்து முழிச்சிகினே கீற? கத்திப் படி!” என்பார். கத்தினேன். தொண்டை கட்டியது. யாரோ சொன்னார்கள் என்று வல்லாரைக் கீரையைத் தின்றேன். வயிறுதான் போயிற்று. நான்கு மாதத்தில் எனக்கு வந்த தெலுங்கு, என் பெயரை எழுதும் அளவுக்குத்தான்.

அந்த ஆடிக் கிருத்திகையில் குழி வேலைக்காரர்கள் இருவர் வாந்திபேதியில் விழுந்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் மூக்கில் கற்பூரக் கைக்குட்டையோடு தூரத்தில் நின்றபடி, “ஆளு இல்லப்பா. நீயே வாளியத் தூக்கு” என்றார். மீதியிருந்தவள் நரசம்மா. தெலுங்குக்காரி, ஏறக்குறைய என் வயது. அதுவரை அவளிடம் நான்கு முழம் தள்ளி நின்றுதான் பேசியிருக்கிறேன். அவள் கால் வைத்த இடத்தில் கால் வைக்கமாட்டேன். அப்படித்தான் வளர்ந்திருந்தேன்.

பினாயில் கலந்த மருந்துத் தண்ணீர் வாளியோடு குழியோரம் நின்றேன். பச்சை ஈக்கள் உதட்டில் வந்து உட்கார்ந்தன. “சாமீ, போயண்டி!” என்றாள். போகச் சொல்கிறாள் என்று சந்தோஷமாகத் திரும்பி நடந்தேன். “காது சாமீ, நீள்ளு போயண்டி!” என்று கத்தினாள். ‘காது’ என்றால் இல்லை; தண்ணீரை ஊற்றச் சொல்கிறாள்! ஊற்றினேன். பாதி என் கால்மேலேயே. அவள் மூக்கைச் சுளித்து, “கம்பு!” என்றாள். இந்த இடத்தில் கம்பங்கூழ் ஞாபகமா என்று நினைத்தேன். நாற்றம் என்று அர்த்தமாம்.

மூன்று நாளில் என் தலையில் எழுபது எண்பது சொற்கள் கெட்டியாக இருந்தன. எனக்கே ஆச்சரியம். புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு ஒட்டாது. உட்கார்ந்து கேட்டாலும் ஒட்டாது. கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அதைத் தப்பாகச் செய்ய வேண்டும், யாராவது அதட்ட வேண்டும். அப்போது காதில் விழுகிற சொல் போகவே போகாது. அருவருப்பும் சேர்ந்தால் இன்னும் கெட்டி.

திருவிழா முடிந்த பிறகும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானாகவே குழிக்குப் போனேன். எதையாவது காட்டி, “இதேமி?” என்பேன். “புஸ்தகம்லோ லேதா சாமீ?” என்று சிரிப்பாள். புத்தகத்தில் இல்லையா என்று கேலி. பிறகு சொல்லுவாள். நான்கு முழம் எப்போது ஒரு முழமானது என்று கவனிக்கவில்லை.

சித்தூரில் வாய்மொழித் தேர்வு. திருவிழாச் சுகாதார ஏற்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொட்டித் தீர்த்துவிட்டேன். பரீட்சை அதிகாரி முகத்தைச் சுளித்துத் தமிழில் கேட்டார்: “யாருய்யா சொல்லிக்குடுத்தது? தோட்டி வூட்டுத் தெலுங்கா இருக்குதே!”

“இல்லீங்க சார், புஸ்தகம் பாத்துத்தான் படிச்சேன். வேலக்காரங்க பேசறது கொஞ்சம் காதுல வுழுந்துடுச்சிங்க.”

“அப்போ காதைக் கழுவிக்கோ” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனையோ நாற்றத்தில் நின்றிருக்கிறேன். என்னுடைய அந்தச் சிரிப்பை நினைத்தால் வருகிற குமட்டல் வேறெதிலும் வந்ததில்லை. தேர்ச்சி கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்த அன்று இன்ஸ்பெக்டரோடு நின்றிருந்தேன். நரசம்மா கூடையை இறக்கிவிட்டு ஓட்டமாக வந்தாள். “பாஸ் அய்யாரா சாமீ?” அவள் முகமெல்லாம் பல். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“உன் வேலையப் பாரு” என்றேன், தமிழில்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப்பின் என்னிடம் ஒரு தெலுங்கு வார்த்தைகூடப் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நான்கு முழம் தள்ளி நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், “ஐயா, வாளி” என்பாள்.

நிரந்தரமானவனுக்கு மேசை போட்டார்கள். அடுத்த வருஷம் அரக்கோணத்துக்கு மாற்றல். கைக்கு வேலையில்லாததால் தெலுங்கும் சொல் சொல்லாகக் கழன்றுகொண்டது. திருத்தணியும் பிறகு சித்தூர் ஜில்லாவை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. குழிகள் போய்க் குழாய் வந்தது. நல்லதுதான்; அவற்றுக்காக நான் ஏங்கவில்லை. நரசம்மாவின் குடிசை இருந்த வரிசையில் இப்போது மாடி வைத்த விடுதிகள் நிற்கின்றன. அந்தக் குடிசைகளைப் பிரித்தபோது ஒரு காரியமாக அங்கே போயிருந்தேன். அவள் எங்கே போனாள் என்று, கூரையை இறக்கிக்கொண்டிருந்த தெலுங்குக்காரர்களைக் கேட்டிருக்கலாம். அப்போது எனக்கு அதைக் கேட்கிற அளவுக்குத் தெலுங்கு மிச்சமிருந்தது.