சம்பந்தி வீட்டு நெத்திலி

காலை ஏழரை மணிக்குக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து புறப்பட்டோம். 2007-ஆம் வருஷம், மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. எங்கள் கருவாட்டுக்காரப் பெண்கள் குழுவில் முப்பத்திரண்டு பேர். அழைப்பில் இரண்டு பேர் வரலாம் என்று போட்டிருந்தது. தலைவி என்பதால் நானும், துணைக்கு என் வீட்டுக்காரரின் தங்கை குப்பம்மாளும் போனோம். மீதி முப்பது பேரும் காரைக்காலைப் பார்க்காதவர்கள் இல்லை. கூடையோடு அன்றாடம் போகிறவர்கள்தான். ஆனால் நாங்கள் போன இடத்துக்கு அவர்கள் போனதில்லை. அவர்களுக்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் ஓடும்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சிலும் ரீயூனியன் தீவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஒரு வியாபார சங்கம் வைத்திருக்கிறார்கள். இங்கே விளைவதை, செய்வதை அங்கே வாங்கி விற்பது, அதற்கு வேண்டிய முதலையும் அவர்களே போடுவது, இதுதான் அந்தச் சங்கத்தின் வேலை. சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பத்துக்கு வந்தவர்கள், மாதாமாதம் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொள்கிறோம், மாதிரிக்கு மூன்று கிலோ கொடுங்கள் என்று ஆவணியில் கேட்டார்கள். கொடுத்தோம். பிடித்துவிட்டது, கையெழுத்துப் போட வாருங்கள் என்று மாசியில் கடிதம் வந்தது. கடிதத்தைக் குழுவில் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டோம். கையெழுத்து ஆகிவிட்டால் முப்பத்திரண்டு பேரும் தலையில் கூடையை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டியதில்லை.

மேட்டிலிருந்து கோட்டுச்சேரி மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கேட்டான். நடந்தோம். நான் மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். “பொண்ணு பாக்கவா போறம், அண்ணி?” என்று குப்பம்மாள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். என் கையில் ஒரு எவர்சில்வர் சம்புடம். இன்னும் கொஞ்சம் மாதிரி கொண்டுவரச் சொல்லிக் கடிதத்தில் இருந்தது.

எட்டேகால் மணிக்குப் பொறையாரிலிருந்து வருகிற பஸ். ஆளுக்கு மூன்று ரூபாய். கண்டக்டருக்கு எங்கள் முகம் பழக்கம். பார்க்காமலே, “ஆயா, கூடையப் பின்னால கொண்டு போங்க” என்றான்.

“இன்னைக்குக் கூடை இல்ல. ரெண்டு டிக்கெட்டு குடு” என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பட்டைப் பார்த்தான். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸில் நான் உட்கார்ந்து போனது அன்றுதான். ஆறு கிலோமீட்டர், இறங்கவே மனசில்லை.

ஒன்பது மணிக்குக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு. டீ இரண்டு, ஆறு ரூபாய். அங்கிருந்து பாரதியார் ரோட்டில் நடந்தால் கால் மணி நேரத்தில் அந்த ஓட்டல் வந்துவிடும். அதன் கொல்லை வாசலில் நான் மீன் போட்டிருக்கிறேன். முன் வாசலில் நுழைந்ததில்லை. உள்ளே ஏசி. நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி சட்டை மாட்டியிருந்தது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பெயர் எழுதின அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

பதினொரு மணி வரை பேச்சு. வாஞ்சூரில் துறைமுகம் வந்துவிட்டால் நம் சரக்கு நேரே கப்பல் ஏறும் என்றார் ஒருவர். பிறந்த மண்ணுக்குக் கடமை இருக்கிறது என்றார் இன்னொருவர். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ். தமிழ் வந்த இடங்களில் நாங்கள் கை தட்டினோம். சுவரோரம் நீளமாக மேசை போட்டு ஒவ்வொரு ஊர்ச் சரக்கையும் வைத்திருந்தார்கள். நடுவில் கண்ணாடித் தட்டில் எங்கள் நெத்திலி. ஒரே நீளம், தலை கிள்ளி, வெள்ளிக் கம்பியை நறுக்கிப் போட்டது போலக் கிடந்தது. அதைப் பார்த்து நின்றபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அந்த நெத்திலி எப்படி வந்தது என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கருவாடு அனுப்பினால் அன்றாடம் விற்கிற சரக்கை அனுப்ப மாட்டோம். பொறுக்கி, ஒரே அளவாக எடுத்து, மண் படாமல் துணி விரித்துக் காயவைப்போம். தூசி ஒன்று இருந்தாலும் பெண்ணுக்குச் சொல் வரும். கடல் தாண்டிப் போகிற சரக்கு என்றதும் எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. நானும் குப்பம்மாளும் இன்னொருத்தியும் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டு மெத்தையில், அதாவது மொட்டைமாடியில், வெள்ளை வேட்டி விரித்து, காக்காய்க்குக் காவல் உட்கார்ந்து, இரண்டு நாளில் செய்தது அந்த மூன்று கிலோ. மற்ற கருவாடெல்லாம் என்றும் போலக் கரை மணலில்தான் காய்ந்தது. என் சம்புடத்தில் இருந்ததும் மெத்தையில் காய்ந்ததுதான்.

பதினொன்றரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சங்கத்துச் செயலாளர், குரும்பகரத்துக்காரர், பிரான்சுக்குப் போய் இருபத்தாறு வருஷமாம். எழுந்து நின்று கும்பிட்டார். “வாங்கம்மா, உக்காருங்க” என்றார். தாளைத் தள்ளிவைத்து, வாசித்தும் காட்டினார். தட்டில் இருக்கிற இதே தரத்தில், மாதம் ஐந்நூறு கிலோ.

நான் பேனாவை எடுக்கவில்லை. மூன்று கிலோவுக்கு மூன்று பேர், இரண்டு நாள். குப்பம்மாள் என் முழங்கையை இடித்தாள். போட்டுவிடு என்று இடித்தாளா, வேண்டாம் என்று இடித்தாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

“தம்பி, இது சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கற மாதிரி செஞ்சது” என்றேன். “எங்க சரக்கு இது இல்ல.”

அவருக்கு விளங்கவில்லை. குப்பம்மாள், காரைக்காலில் தங்கி வேலை பார்க்கிற, இன்னும் கட்டிக்கொடுக்காத தன் மகளுக்காக ஒரு பொட்டலம் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதை வாங்கி மேசையில் பிரித்தேன். மணலில் காய்ந்த சரக்கு. அவர் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளின்மேல் தட்டினார். மணல் விழுந்தது. அந்தக் குளிர்ந்த இடத்தில் அது விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

“இத அங்க இறக்க விடமாட்டாங்கம்மா. திருப்பி அனுப்பிடுவாங்க.”

“மண்ணு படாமக் காயவைக்க எங்களுக்கு எடம் இல்லைங்க. தட்டு இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தட்டுக்குத்தாம்மா முதல்ல பணம் ஒதுக்குனோம். கால் வச்ச கம்பிவலைத் தட்டு, ஒரு கொட்டகை, எல்லாத்துக்கும். உங்க மாதிரியப் பாத்துட்டு, இவங்களுக்கு அதெல்லாம் வேண்டியதில்ல, ஏற்கெனவே நல்லா செய்யறாங்கன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். அந்தப் பணம் வேற ஊருக்குப் போயிடுச்சு. நீங்க அன்னைக்கே இத காட்டியிருக்கலாமே.”

மறுபடி கேட்டு வாங்க முடியாதா என்று குப்பம்மாள் கேட்டாள். பணம் போட்டவர்கள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள், ஒரு தடவை முடித்ததைத் திரும்பப் பிரிக்க ஒப்பமாட்டார்கள் என்றார். தாளை எடுத்து உறையில் போட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வாசல்வரை வந்து சொன்னார். நல்ல மனுஷர். எட்டு வகை வைத்த சாப்பாடு. நான் மோர்ச் சோறு மட்டும் சாப்பிட்டேன். நெத்திலி வறுவலும் வைத்திருந்தார்கள். எங்கிருந்து வாங்கியதோ, அதிலும் மணல் இருந்தது.

இரண்டரை மணிக்குத் திரும்பும் பஸ். அதே மூன்று ரூபாய். கூட்டம், நின்றுகொண்டே வந்தோம். குப்பம்மாள் காதோடு சொன்னாள்: “அவுங்களுக்கு நம்ம சரக்கு புடிக்கலயாம்னு சொல்லிருவோம், அண்ணி. யாரு போயி கேக்கப் போறா?”

“எங்கையால செஞ்சது புடிக்கலன்னு நானே ஊர்ல சொல்லணுமா?” என்றேன்.

“இன்னமும் உனக்கு அந்தப் பெரும போகல பாரு” என்றாள்.

நாலு மணிக்கு மேட்டை அடைந்தோம். கரையில் அன்றைய நெத்திலி மணலில் காய்ந்துகொண்டிருந்தது. முப்பது பேரும் வேலையை விட்டு எழுந்து வந்தார்கள். என் பட்டுப் புடவையைப் பார்த்து, கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். குப்பம்மாள் என் முகத்தைப் பார்த்தாள்.

கடல் தாண்டிப் போகாவிட்டாலும் நான் பார்த்த தூரம் பெரிது. நம் வீட்டில் சம்பந்திக்குக் குறையை மறைத்துவைப்பதுதான் மரியாதை. அந்த ஓட்டலில் குறையை எடுத்து முதலில் மேசைமேல் வைத்தவருக்குத்தான் பணம். இரண்டுக்கும் நடுவில் எட்டு கிலோமீட்டர், மூன்று ரூபாய் டிக்கெட். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றாடம் காயவைப்பதில் மாதிரி கொடுங்கள் என்று ஆவணியில் தெளிவாகத்தான் கேட்டார்கள். என் காதில் விழுந்தது.

இப்போது ஆடி மாதம். அன்று கரையில் நின்று உங்களிடம் நான் சொன்னது, “கடுதாசி போடறோம்னு சொல்லியிருக்காங்க” என்பது. அதிலிருந்து தபால்காரர் சைக்கிளைக் கண்டால் நீங்கள் யாராவது ஒருவர் எழுந்து போகிறீர்கள். இரண்டு பேர் கூடையைக்கூட விற்றுவிட்டார்கள். இந்தக் கட்டுரையைக் குழுக் கூட்டத்தில் படிப்பதற்குக் கொடுக்கப்போகிறேன். படிக்கும்போது நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

கடிதம் வராது.